ஓடாத கம்ப்ரசருக்குக் கேஸ் எதற்கு?

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு அதுவே போதும். எங்கள் வீட்டுப் பெட்டி ஃப்ரீசர் நின்றுபோனது. ஆப்பில் புக் செய்து வந்தவர் 8,500 ரூபாய் கேட்டார். உண்மையில் கெட்டுப்போயிருந்த சாமானின் விலை 130, அதோடு சேர்த்து மாற்றிய இன்னொன்று 90. தண்டம் அழுத விசிட் சார்ஜ், புதிதாக வாங்கிய மீட்டர், வோல்டேஜ் பாதுகாப்புப் பெட்டி, மெக்கானிக் அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்றும் நான் சட்டைப்பையில் திணித்த 150 எல்லாம் சேர்த்தே 1,489 ரூபாய்தான் ஆனது.

வீடு பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில். ஃப்ரீசர் 200 லிட்டர், மேல்பக்கம் மூடியைத் தூக்கித் திறக்கிற பெட்டி. 2019-ல் கடையைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு ஐஸ்கிரீம்காரரிடம் 9,000 கொடுத்து வாங்கினேன், அப்போதே அதன் வெள்ளை மோர் நிறத்துக்கு வந்திருந்தது. என் பிழைப்பு அதற்குள்தான் இருக்கிறது. இடியாப்பம், அரை வேக்காட்டுச் சப்பாத்தி, பொரிக்காத சமோசா எல்லாம் செய்து உறைய வைத்து, மல்லேஸ்வரத்திலும் ராஜாஜிநகரிலும் இருக்கிற சில அபார்ட்மென்ட்களுக்கு வாரம் இரண்டு முறை கொடுக்கிறேன். அதனால் இது நின்றால் எனக்கு வீட்டு ஃப்ரிட்ஜ் நின்ற மாதிரி இல்லை, கடை ஷட்டர் விழுந்த மாதிரி.

ஏப்ரல் மாதம், ஒரு வியாழக்கிழமை ராத்திரி. முதல் கோடை மழை பிடித்துக்கொண்டது, பதினொரு மணிக்கு மேல் கரண்ட் போவதும் வருவதுமாக மூன்று தடவை ஆட்டம் காட்டியது. நான் தூங்கிவிட்டேன். காலை ஐந்தரைக்கு எழுந்து அரிசி மாவு பிசைய உட்கார்ந்தபோதுதான் ஏதோ ஒன்று குறைகிறது என்று பட்டது. ஃப்ரீசர் மூடிமேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்திருப்பேன், கம்ப்ரசர், அதாவது குளிர வைக்கிற மோட்டார், ஓடும்போது அது கிணுகிணு என்று அதிர்ந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு டம்ளர் பேசவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். பின்பக்கத்திலிருந்து "ம்ம்ம்" என்று பத்து விநாடி ஒரு முக்கல், அப்புறம் "டக்". மூன்று நான்கு நிமிடம் ஒன்றும் இல்லை. மறுபடி முக்கல், மறுபடி டக்.

அந்த நிமிடமே பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை, தானாகக் கிளம்பிவிடும் என்று ஏழு மணிவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். முட்டாள்தனம். மோட்டார் சுற்ற முடியாமல் முக்கும்போது ஓடுவதற்கு இழுக்கிற கரண்டைவிடப் பல மடங்கு இழுக்கும், உள்ளே சுற்றியிருக்கிற கம்பி சூடாகும். ஓவர்லோடு என்று ஒரு குட்டிச் சாமான் அந்தச் சூட்டைப் பார்த்து "டக்" என்று வெட்டிவிடுகிறது, ஆறியதும் மறுபடி சேர்க்கிறது. நாள் முழுக்க இப்படியே விட்டால் 130 ரூபாயோடு முடிய வேண்டிய வேலை கம்ப்ரசர் விலைக்குப் போய் நிற்கும். உங்கள் வீட்டில் இந்த டக் டக் கேட்டால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது, மற்றதெல்லாம் பிறகு.

ஆப்பில் புக் செய்தேன், பதினொரு மணிக்கு ஆள் வந்துவிட்டார். அந்த வேகத்துக்கு மட்டும் ஒரு ஸ்டார் கொடுக்கலாம். யூனிஃபார்ம், ஷூவுக்கு மேல் நீல உறை, கழுத்தில் அட்டை, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தோளில் இருந்த பையை மட்டும் இறக்கவே இல்லை. ஃப்ரீசரின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார், நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி. "சூடே இல்ல. கேஸ் ஹோகிதெ மேடம்," என்றார், குளிர வைக்கிற கேஸ் தீர்ந்துபோச்சு என்று கன்னடத்தில். கேஸ் நிரப்ப 3,200, கம்ப்ரசரும் வீக்காக இருக்கிறதாம், இரண்டையும் சேர்த்துச் செய்தால் 8,500, இன்றைக்கே முடித்துத் தருகிறேன் என்றார். மோட்டாரே ஓடவில்லையே, அதற்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "கேஸ் இல்லாந்த்ரெ ஓடல்ல மேடம்," கேஸ் இல்லாவிட்டால் ஓடாது என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். பின்பக்க மூடியின் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. விசிட் சார்ஜ் 249.

அவர் சொன்னதில் எது தப்பு என்று அன்றைக்கு எனக்குச் சரியாகத் தெரியாது, இப்போது தெரியும், அதனால் எழுதிவைக்கிறேன். வீட்டில் வைக்கிற சாதாரண ஃப்ரீசரில் கேஸ் முழுக்கப் போய்விட்டாலும் கம்ப்ரசர் ஓடும், சும்மா ஓடிக்கொண்டே இருக்கும், குளிர் மட்டும் வராது. கேஸ் குறைந்தால் வெட்டிவிடுகிற பிரஷர் ஸ்விட்ச் எல்லாம் பெரிய குளிர் அறைகளுக்கு வைப்பது. பக்கவாட்டு சூடாக இல்லை என்றாரே, பெட்டி ஃப்ரீசர்கள் பலவற்றில் சூட்டை வெளியேற்றும் குழாய் அந்தத் தகரத்துக்குப் பின்னால்தான் ஒட்டியிருக்கும், கம்ப்ரசர் ஓடினால்தான் அது சூடாகும். அடுப்பையே பற்றவைக்காமல் தோசைக்கல் சுடவில்லை, கல் கெட்டுப்போச்சு என்று சொன்ன கதை.

கம்பெனி சர்வீசுக்கும் போன் போட்டேன். எத்தனை வருடப் பழசு என்று கேட்டார்கள், சொன்னேன், செவ்வாய்க்கிழமை ஆள் வரும் என்றார்கள். வெள்ளிக்கிழமை காலையில் செவ்வாய்க்கிழமை என்றால் என் சமோசாக்கள் என்ன செய்யும்? அவர்களைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

இந்த விமர்சனத்தில் ஐந்துக்கு ஐந்து வாங்குகிறவர் ஊரிலேயே இல்லாத ஒருவர். எங்கள் தெருமுனையில் இருபது வருடத்துக்கு மேலாக ஃப்ரிட்ஜ் வேலை பார்க்கிற அண்ணன், அன்றைக்குப் பார்த்துக் கல்யாண வேலையாகத் திருவண்ணாமலையில் இருந்தார். சாயங்காலம்தான் போனை எடுத்தார், பின்னால் மேளச் சத்தம்.

"மொதல்ல எலி வயரைக் கடிச்சிருக்கான்னு பாரும்மா."

"பார்த்துட்டேண்ணே, வயர் நல்லாத்தான் இருக்கு."

"சத்தம் எப்படி வருது, செஞ்சு காட்டு."

போனில் முக்கிக் காட்டினேன், டக் என்றேன். என் பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்ப தெர்மோஸ்டாட்டை விடு. அது போயிருந்தா சத்தமே வராது. கேஸையும் விடு. ரிலேவைப் புடுங்கிக் குலுக்கிப் பாரு. அதுக்கு முன்னாடி பிளக்கைப் புடுங்கி உன் கண்ணு முன்னாடி ஃப்ரீசர் மேலயே வை, வீட்ல யாராவது தெரியாம சொருகிடுவாங்க."

அவ்வளவுதான் வைத்தியம். தெர்மோஸ்டாட் குளிரைப் பார்த்து மோட்டாரை நிறுத்தி ஓட்டுவது, ரிலே மோட்டாரைக் கிளப்பிவிடுவது. இரண்டு நிமிடப் பேச்சு, ஒரு பைசா கேட்கவில்லை. கெபாசிட்டர் இருந்தால் தொடாதே, அதில் கரண்ட் தங்கியிருக்கும், போட்டோ எடுத்து அனுப்பு என்றும் சொன்னார். என் மாடலில் கெபாசிட்டர் இல்லை. உங்களுடையதில் இருக்கலாம், சின்ன டப்பா மாதிரி வெள்ளையாகவோ கறுப்பாகவோ இரண்டு வயரோடு தெரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று அதன் முனைகளில் கை வைக்காதீர்கள்.

தெருவில் உள்ள எலக்ட்ரிகல் கடையில் 390 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். மஞ்சள் நிறம், வயர் நூல் மாதிரி மெலிசு, கூட வந்த பேட்டரி இரண்டாவது நாளே மங்கியது, ஆனால் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். ஓம்ஸ், அதாவது மின்தடை, பார்க்கத் தெரிந்தால் போதும், அதையும் கீழ்வீட்டு ஐடிஐ படிக்கிற தம்பி ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தான்.

பின்பக்க மூடியில் நான்கு ஸ்க்ரூ, அதில் ஒன்று துருப்பிடித்துத் தலை தேய்ந்திருந்தது, தேங்காய் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். உள்ளே ஒரு கை அளவு தூசி, கரப்பான் முட்டைகள், நாலு வருடத்துக்கு முன் பையன் தொலைத்த பம்பரம். கம்ப்ரசர் என்பது கவிழ்த்து வைத்த கறுப்புப் பானை மாதிரி, அதன் விலாவில் ஒரு பிளாஸ்டிக் மூடி, கம்பிக் கிளிப் போட்டு இறுக்கியிருந்தது. கிளிப்பை நெம்பினால் மூடி வந்துவிடும். அதற்குள் இரண்டு சாமான், தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி, அதுதான் ரிலே, பக்கத்தில் சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமாக ஓவர்லோடு. எந்த வயர் எங்கே போகிறது என்று போனில் மூன்று போட்டோ எடுத்த பிறகுதான் கை வைத்தேன்.

ரிலேயை நேராக இழுக்க வேண்டும், இப்படியும் அப்படியும் ஆட்டி அசைத்துப் பிடுங்கக் கூடாது. அது சொருகியிருக்கிற பின்கள் கண்ணாடியில் பதித்து கேஸ் வெளியே வராமல் அடைத்தவை. அதை வளைத்து விரிசல் விட்டால் அப்புறம் ஆப்காரர் சொன்னது நிஜமாகவே நடந்துவிடும்.

வெளியே எடுத்ததுமே கருகிய வாடை. காதுப்பக்கம் வைத்துக் குலுக்கினேன், காய்ந்த புளியம்பழத்தைக் குலுக்கினால் கொட்டை உருளுமே, அதே கலகல. இந்த வகையில் நல்ல ரிலே குலுக்கினால் சத்தம் போடாது. பொறுக்கமாட்டாமல் கத்தியால் நெம்பித் திறந்தும் பார்த்துவிட்டேன். உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சாம்பல் நிற வில்லை ஒன்று, மூன்று துண்டாகக் கிடந்தது, ஓரமெல்லாம் கரி. அந்த வில்லையின் வேலை ரொம்ப எளிது. குளிர்ந்திருக்கும்போது கரண்டை விடும், மோட்டாருக்கு முதல் தள்ளு கொடுக்கிற சுற்றுக்கு அது போகும், ஓரிரு விநாடியில் தானே சூடாகித் தன் வழியை அடைத்துக்கொள்ளும், அதற்குள் மோட்டார் ஓட ஆரம்பித்திருக்கும். வில்லை உடைந்தால் அந்த முதல் தள்ளு கிடைக்காது, மோட்டார் முக்கும், டக். வில்லை நன்றாகவே இருந்தாலும் கரண்ட் போய் உடனே வந்தால் இதே கதைதான், சூடு ஆறியிருக்காது, குழாய்களுக்குள் அழுத்தமும் சமமாகியிருக்காது. வியாழக்கிழமை ராத்திரி மூன்று தடவை போய் வந்ததில் வயதான வில்லை கையை விரித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ரிலே போச்சு என்பது தெரிந்தாலும் அண்ணன் விடவில்லை, கம்ப்ரசர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போ என்றார். அதில் மூன்று பின், முக்கோணமாக. மீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டிரண்டாகத் தொட்டேன். 13, 18, 31. சின்னது இரண்டையும் கூட்டினால் பெரியது வர வேண்டும், வந்தது. எண்கள் மெஷினுக்கு மெஷின் மாறும், ஆனால் கூட்டுத்தொகை அப்படித்தான் வர வேண்டும். அப்புறம் கம்ப்ரசர் உடம்பில் கொஞ்சம் பெயின்ட்டைச் சுரண்டி, ஒரு முனையை அங்கும் மறுமுனையை ஒவ்வொரு பின்னிலும் வைத்துப் பார்த்தேன், மீட்டர் எதுவும் காட்டவில்லை. அங்கே ஏதாவது எண் காட்டியிருந்தால் கரண்ட் உடம்புக்குக் கசிகிறது, கதை முடிந்தது, ஃப்ரீசரைத் தொடாமல் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். 31 வந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில்கூட வந்ததில்லை.

சனிக்கிழமை காலை எஸ்.பி. ரோடு. சதர் பத்ரப்பா ரோடு என்பது முழுப்பெயர், அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக் தாண்டி சிக்பேட்டையில் இறங்கி நடந்தேன். மெயின் ரோட்டில் கம்ப்யூட்டர், சிசிடிவி, வயர் என்று போகும், சந்துகளுக்குள் நுழைந்தால்தான் நம் வீட்டுச் சாமான்களின் உறுப்புகள் கிடைக்கும். நான் போன கடைக்குப் போர்டே கிடையாது, இரண்டு பேர் ஒட்டி நின்றால் மூன்றாம் ஆள் தெருவில் நிற்க வேண்டும். மேலே கொக்கியில் கதவு ஓரத்து ரப்பர் கேஸ்கெட்டுகள் பாம்புச் சட்டை மாதிரி தொங்குகின்றன.

பெரியவர் பழைய ரிலேயை வாங்கினார், காதில் வைத்து ஒரு குலுக்கு. "ஹோய்த்து," என்றார், போச்சு என்று அர்த்தம். நான் அரை நாள் செலவழித்துக் கண்டுபிடித்ததை ஒரு விநாடியில் முடித்துவிட்டார். கம்ப்ரசர் ஸ்டிக்கரின் போட்டோவைக் காட்டினேன், அதைப் பெரிதாக்கி எண்ணைப் படித்துவிட்டுப் பிறகுதான் டப்பாவைத் திறந்தார், இந்தப் பழக்கம் எனக்குப் பிடித்தது. முதலில் 280 ரூபாய்க்கு மூன்றும் ஒன்றாக இருக்கிற ரிலே ஒன்றை எடுத்து வைத்தார், ரிலே, ஓவர்லோடு, கெபாசிட்டர் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று வயரோடு வரும், எந்த கம்ப்ரசருக்கும் போடலாம் என்றார். வேண்டாம் என்றேன். எல்லோருக்கும் பொருந்துகிற செருப்பு யாருக்கும் சரியாகப் பொருந்தாது என்று அண்ணன் ஏற்கெனவே எச்சரித்திருந்தார், குறிப்பாக அதில் இருக்கிற ஓவர்லோடு நம் கம்ப்ரசர் அளவுக்குச் சரியாக வெட்டுமா என்பதுதான் கேள்வி. அவசரத்துக்கு ஒரு வாரம் ஓட்டலாம், அவ்வளவுதான்.

அப்புறம் அதே மாடல் ரிலே இரண்டு தரத்தில் காட்டினார், 60 ரூபாய்க்கும் 130-க்கும். கையில் வாங்கினாலே வித்தியாசம் தெரிந்தது, மலிவானதில் பின் நுழைகிற ஓட்டை தளர்வாக இருந்தது. மேஜைக்கு அடியில் ஒரு செத்த கம்ப்ரசரை வைத்திருக்கிறார், அதன் பின்களில் இரண்டையும் சொருகிக் காட்டினார், 60 ரூபாய்ச் சாமான் ஆடியது, 130 கவ்விப் பிடித்தது. தளர்வாக இருந்தால் அந்த இடத்தில் தீப்பொறி வந்து பின் கருகும். மீட்டரில் 22 ஓம்ஸ் காட்டி என் கண் முன்னாலேயே பார்த்தும் கொடுத்தார், என் பழைய ரிலே மீட்டரில் எண்ணே காட்டவில்லை. ஓவர்லோடு பழசு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மணிக்கணக்காக டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்ததே என்று அதையும் மாற்றினேன், 90.

குறை இல்லாமல் இல்லை. பில் கேட்டால்தான் கொடுக்கிறார், அதுவும் துண்டுச் சீட்டில். எலக்ட்ரிக் சாமான் திரும்ப வாங்கமாட்டார், அதனால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போகாமல் வாயால் விவரித்து வாங்கிவராதீர்கள். பொம்பளை தனியாக வந்து ரிலே கேட்கிறாளே என்று கடைப் பையன் ஒரு மாதிரி பார்த்தான், பெரியவர் பார்க்கவில்லை.

மாட்டுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. போட்டோவைப் பார்த்து அதே இடத்தில் அதே வயர், நேராக ஒரு அழுத்து, மூடி, கிளிப். சனிக்கிழமை மதியம் இரண்டே காலுக்குப் பிளக்கைச் சொருகினேன். முக்கல் இல்லை, டக் இல்லை, நேராக அந்தப் பழைய சீரான சத்தம். டம்ளரை எடுத்து மூடிமேல் கவிழ்த்தேன், கிணுகிணு. பத்து நிமிடத்தில் பக்கவாட்டுத் தகரம் லேசாகச் சூடாயிற்று, ஆப்காரர் தேடிய அதே சூடு. ஞாயிறு காலையில் உள்ளே போட்டிருந்த தெர்மாமீட்டர் மைனஸ் 18 காட்டியது, உறைய வைத்த சாப்பாட்டுக்கு வேண்டியது அதுதான்.

சாமான்கள் என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். நிறைய அடைத்த ஃப்ரீசர், மூடியைத் திறக்காமல் இருந்தால், ஏறத்தாழ 48 மணி நேரம் தாக்குப்பிடிக்கும், பாதி காலியாக இருந்தால் 24-தான். பெட்டி ஃப்ரீசருக்கு ஒரு வசதி, குளிர்ந்த காற்று கனமானது, மேலே திறந்தாலும் வழிந்து ஓடாமல் கீழேயே கிடக்கும். நான் மூடிமேல் இரண்டு கம்பளியைப் போட்டுப் பிள்ளைகளைக் கிட்ட விடவில்லை. அடியில் இருந்த இடியாப்பமும் சப்பாத்தியும் கல்லு மாதிரியே இருந்தன. மேல் வரிசைச் சமோசா நாற்பது மட்டும் இளகிவிட்டது, அதை மறுபடி உறைய வைத்து விற்க மனசு வரவில்லை, அன்று சாயங்காலமே பொரித்துத் தெருவுக்கே கொடுத்துவிட்டேன்.

ஓட ஆரம்பித்த பிறகு இன்னொரு பழுது கண்ணில் பட்டது, இது என் சோம்பேறித்தனத்தில் வந்தது. மூடியின் ஒரு மூலையில் மட்டும் எப்போதும் பனி கட்டியாகப் படிந்திருக்கும், நான் கரண்டிக் காம்பால் தட்டி எடுத்துவிடுவேன். அதைக் கேட்டதும் அண்ணன் போனிலேயே கத்தினார். உள் தகரத்துக்குப் பின்னால்தான் கேஸ் ஓடுகிற குழாய், ஒரு குத்து ஆழமாகப் பட்டால் ஓட்டை, அதுவும் ஃபோமுக்குள் விழுந்த ஓட்டை என்றால் எடைக்குப் போட வேண்டியதுதான். பனி படியக் காரணம் கேஸ்கெட். பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடியைச் சாத்தி இழுத்துப் பார்த்தேன், மற்ற பக்கமெல்லாம் பிடித்துக்கொண்டது, அந்த மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. புது கேஸ்கெட்டுக்கு 750 சொன்னார்கள். வாங்கவில்லை. கொதிக்கிற வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து மூலையில் ஒத்தடம் கொடுத்து, ரப்பர் இளகியதும் விரலால் இழுத்து நேராக்கி, மூடியைச் சாத்தி அந்த மூலைமேல் அம்மிக் குழவியை ராத்திரி முழுக்க வைத்தேன். இப்போது நோட்டு பிடிக்கிறது, முழுசாக இல்லை, முக்கால்வாசி. அடுத்த வருடம் வாங்கிவிடுவேன்.

வோல்டேஜ் பாதுகாப்புப் பெட்டி 480 ரூபாய், அதே எஸ்.பி. ரோட்டில் வேறு கடை. சுவர்ப் பிளக்கில் சொருகி அதில் ஃப்ரீசரைச் சொருக வேண்டும். கரண்ட் போய் வந்தால் மூன்று நிமிடம் எண்ணிவிட்டுத்தான் விடும், வோல்டேஜ் ரொம்பக் குறைந்தாலும் ஏறினாலும் வெட்டிவிடும். ஸ்டெபிலைசர் மாதிரி வோல்டேஜை ஏற்றிக் கொடுக்காது, அந்த எதிர்பார்ப்போடு வாங்காதீர்கள். சிவப்பு எண்கள் ராத்திரி முழுக்க அறையில் மின்னுவது எரிச்சல், நான் மேலே ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். மே மாதத்தில் கரண்ட் எத்தனையோ தடவை போய் வந்தது, ஒரு தடவைகூட டக் சத்தம் இல்லை. இந்த 480-ஐ 2019-லேயே செலவு செய்திருக்கலாம்.

எல்லாப் பழுதையும் இப்படி வீட்டிலேயே பார்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. கம்ப்ரசர் நன்றாக ஓடுகிறது, நாள் முழுக்க ஓடுகிறது, குளிர் மட்டும் வரவில்லை அல்லது ஒரு ஓரத்தில் மட்டும் பனி பிடிக்கிறது என்றால் அது கேஸோ அடைப்போ கம்ப்ரசரின் வால்வோ, அங்கே நமக்கு வேலை இல்லை. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் எடுத்து, எடை பார்த்து நிரப்பத் தெரிந்தவர்தான் வேண்டும். ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் நிரப்புகிறேன் என்கிறவரை அனுப்பிவிடுங்கள், இரண்டு மாதத்தில் திரும்பக் கூப்பிட வைப்பார். என்னுடையது பழைய மாடல், ஆர்134ஏ கேஸ். அது தீப்பிடிக்காது, ஆனால் காற்றில் விட்டால் கரியமில வாயுவைப்போல் சுமார் 1,430 மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும், அன்றைக்கு நான் தலையாட்டியிருந்தால் உள்ளே நன்றாக இருந்த கேஸைச் சந்தில் திறந்து விட்டுவிட்டுப் புதுசுக்குக் காசு வாங்கியிருப்பார்கள். புது மாடல்கள் பலவற்றில் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், அது எரியும். கம்ப்ரசர்மேல் தீ படம் போட்ட முக்கோண ஸ்டிக்கர் இருந்தால் குழாய்ப் பக்கம் யாரும் நெருப்பு கொண்டு போகக் கூடாது, ரிலே மாற்றினாலும் தீப்பொறி வராத, அந்த மாடலுக்கே உரிய ரிலேதான் போட வேண்டும், சும்மா பொருந்துகிறது என்பதற்காக எதையாவது மாட்டக் கூடாது.

அண்ணன் செவ்வாய்க்கிழமை ஊரிலிருந்து வந்ததும் நேராக இங்கேதான் வந்தார், கையில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டி எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்த்தார், 1.1 ஆம்பியர். சரியாக மாட்டியிருக்கிறாய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஃப்ரீசரைச் சுவரோடு ஒட்டி வைத்ததற்கும் பக்கத்தில் அரிசி மூட்டையைச் சாய்த்ததற்கும் திட்டினார், சூடு எப்படி வெளியே போகும் என்று. ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்துவிட்டு இடியாப்பம் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார், அதற்குக் காசு கொடுக்க வேறு பார்த்தார்.

எஸ்.பி. ரோட்டுக் கடைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் எல்லாம் சாத்தியிருக்கும். பழைய சாமான், கம்ப்ரசர் ஸ்டிக்கரின் போட்டோ இரண்டும் கையில் இருக்கட்டும். ஜிபே வாங்குகிறார். பேரம் பேசினேன், 220-ல் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.